நிற்கும் காரில் ஐந்தாம் ஆண்டு பேட்டரி: கொழிஞ்சாம்பாறை அனுபவம்

எங்கள் வீட்டு வேகன்-ஆர் ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். கொழிஞ்சாம்பாறைக்குள் எல்லா வேலைக்கும் ஸ்கூட்டர் போதும். அம்மாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, பொள்ளாச்சிப் பக்கம் ஏதாவது கல்யாணம், விட்டால் பழனி. நடுவில் மூணு வாரம்கூட அசையாமல் போர்ட்டிகோவில் கிடக்கும். அதிலிருக்கும் 35 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் சுமார் 35 மணிநேரம்) பேட்டரிக்கு இது ஐந்தாவது வருஷம். பாலக்காட்டு வெயிலில் இப்படி நிற்கிற வண்டிக்கு மூணு வருஷமே பெரிசு என்பார் எங்கள் மெக்கானிக். அதைத் தாண்டி எப்படி வந்தது, இனி ஏன் மாற்றப்போகிறேன் என்பதுதான் இந்தப் பகிர்வு.

இரண்டாம் வருஷமே ஒரு காலையில் செல்ஃப் எடுக்காமல் டக் டக் என்றது. ‘பேட்டரி போயி சாரே, மாத்திக்கோங்க’ என்றார் மெக்கானிக். வாரண்டி இருந்ததால் பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோனேன். முழுக்க சார்ஜ் ஏற்றி, லோடு டெஸ்ட் (அதிகக் கரண்ட் இழுத்துப் பார்க்கும் சோதனை) வைத்துப் பார்த்து, பேட்டரியில் குறையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் சார்ஜ் எங்கே போகிறது?

சாவி போடாத வண்டியும் கரண்ட் குடிக்கும். கடிகாரம், சென்ட்ரல் லாக், கம்ப்யூட்டர் எல்லாமாகச் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போவது சகஜம். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் பாயிண்டில் வைத்து, கதவெல்லாம் பூட்டி அரைமணி காத்திருந்து பார்த்தேன். மீட்டர் காட்டியது 90. (மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், ஸ்டீரியோ ஃபியூஸைக் கழற்றியதும் சட்டென்று இறங்கியது. பிறகு போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ அது. மாட்டிக் கொடுத்த கடைக்காரர், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரவேண்டிய ஒயரையும் எப்போதும் கரண்ட் உள்ள ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார். பிரித்துச் சரியாகக் கொடுத்ததும் 20-க்கு வந்தது.

கணக்குப் போட்டால்தான் வித்தியாசம் புரியும். 90 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 2 ஆம்பியர்-அவருக்கு மேல். எட்டே நாளில் பாதி பேட்டரி காலி. 20 என்றால் நாளொன்றுக்கு அரை ஆம்பியர்-அவர்கூட இல்லை, பாதி காலியாக ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். பேட்டரியை மாற்றச் சொல்லும் யாரும் முதலில் இதை அளந்து பார்க்கச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். அன்று புதுசு வாங்கியிருந்தால் அதுவும் இதே கதிக்குத்தான் வந்திருக்கும்.

இந்தக் கரண்ட் ஒழுக்கை அடைத்தாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் இறங்கும். சூடு பத்து டிகிரி ஏறினால் அந்த இறக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மார்ச், ஏப்ரலில் இங்கே நாற்பதைத் தொடுகிற நாட்கள் உண்டு. சார்ஜ் குறைந்த நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் லெட் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், அந்த இடம் அப்புறம் சார்ஜ் வாங்காது. நிற்கிற வண்டியின் பேட்டரி சீக்கிரம் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

‘வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் விடு’ என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. ஸ்டார்ட் செய்யும்போது இழந்ததை அது ஈடுகட்டும், வாரம் முழுக்க நின்று இழந்ததைக் கட்டாது. கோயம்புத்தூர் போய்வந்தால்கூட நிரம்பிவிடாது, ஏனென்றால் கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும்.

ஆகவே இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ஆட்டோமேட்டிக் சார்ஜர் வாங்கினேன். 35 ஆம்பியர்-அவருக்கு 3.5 ஆம்பியர் அளவில் ஏற்றுவது நல்லது, இது 4 வரை கொடுத்து, நிரம்ப நிரம்பத் தானே குறைத்துக்கொள்ளும். மாசம் ஒருமுறை ராத்திரி மாட்டிக் காலையில் எடுப்பேன். கிளிப்பை மாட்டியபிறகே சுவிட்சைப் போடவேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் மூடிய ஷெட் கூடாது. இந்த மூன்று வருஷத்தில் வாங்கிய பொருட்களில் இதற்குக் கொடுத்த காசு வீண் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வேலந்தாவளத்தில் இருக்கும் மச்சான் இதெல்லாம் வேண்டாம் என்று பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். செலவில்லாத வழி, ஒழுக்கு நிற்கும். ஆனால் தானாக இறங்குவது நிற்காது, கடிகாரத்தையும் ஸ்டீரியோவையும் ஒவ்வொரு தரமும் திரும்ப செட் பண்ணவேண்டும்.

இனி வயசான கதை. காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் என்றால் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் கவலை. என்னுடையது சார்ஜ் செய்த மறுநாள் இன்றும் 12.6 காட்டுகிறது. ஆனால் அந்த எண்ணை வைத்து ஏமாறக் கூடாது. தூர் வாராத குளம் கரை முட்ட நிரம்பியிருந்தாலும் தண்ணீர் கொஞ்சம்தானே. உண்மை தெரிவது செல்ஃப் அடிக்கும்போதுதான். ஒருவர் சாவி திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கவேண்டும். முன்பெல்லாம் பத்துக்கு மேலேயே நிற்கும். இந்தக் கோடையிலிருந்து 9.3-க்கு இறங்குகிறது. 9.6-க்குக் கீழே இறங்கினால் நாள் எண்ண ஆரம்பிக்கலாம் என்று பேட்டரிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீரும் ஆப்பசோடாவும் விட்டுக் கழுவி, வாஸ்லின் தடவி, மறுபடி பார்த்தேன். அதே 9.3.

இன்னும் சில மாசம் இழுக்கும், ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு ராத்திரி கிளம்பவேண்டி வருகிற வண்டியில் அந்தச் சோதனை எனக்கு வேண்டாம். ஓணத்துக்கு முன்னே மாற்றிவிடுவேன். நாலாயிரத்துச் சொச்சம் ஆகும். கடையில் தயாரித்த மாசத்தைப் பார்த்து, அங்கேயே மீட்டர் வைத்து, 12.6-க்குக் குறையாததாக எடுக்கவேண்டும். மாசக்கணக்கில் அலமாரியில் கிடந்ததும் நின்ற வண்டியில் கிடந்த மாதிரிதான். பழையதை எடைக்காரரிடம் போடாமல் அதே கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022 பேட்டரி கழிவு விதிகளின்படியும் அது முறையான மறுசுழற்சிக்குத்தான் போகவேண்டும்.