"எப்ப வேணும்னாலும் பிரிச்சிடலாம் சார்": என் ஆரஞ்சு கார் பட்ட பாடு

காரின் பெயிண்டுக்கு மேலே வேறு நிறத்தில் ஒட்டுகிற வினைல் உறை, அதாவது ராப்தானே, பிடிக்கவில்லை என்றால் உரித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், அதுவும் கையில் ஸ்பெஷல் எடிஷன் கார் வைத்திருப்பவர்கள், இதை ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5 என்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், அதில் 30ஆம் ஆண்டு பதிப்பு. 1989இல் முதல் எம்எக்ஸ்-5 அறிமுகமான அதே சிகாகோ கண்காட்சியில் 2019 பிப்ரவரியில் காட்டினார்கள், உலகம் முழுவதற்கும் சேர்த்தே 3,000 கார்தான். நிறம் ஒன்றே ஒன்று, ரேசிங் ஆரஞ்சு. பிரேக் காலிப்பரும் ஆரஞ்சு, உள்ளே தையல் நூலும் ஆரஞ்சு. ரேய்ஸ் (Rays) என்கிற வீல் கம்பெனி அழுத்தி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு வீல், ரெகாரோ சீட், பக்கவாட்டில் வரிசை எண் பொறித்த ஒரு சின்ன பேட்ஜ். நான் வாங்கியது இரண்டாம் கையாக.

முதல் வருடம் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது சுகமாக இருந்தது. அப்புறம் அதுவே தொல்லையாகிவிட்டது, சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் ஜன்னலை இறக்கிப் பேச ஆரம்பித்துவிடுவார், எங்கே நிறுத்தினாலும் வந்து பார்க்கும்போது யாராவது சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அடர் சாம்பல் நிறத்தில் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று தோன்றியது. நண்பர்களில் பாதிப் பேர் "உன் வண்டி, உன் இஷ்டம்" என்றார்கள். மீதிப் பேர் மூவாயிரத்தில் ஒன்றைக் கெடுக்காதே என்றார்கள். ஒருவர் மட்டும், அந்த நிறம் பிடிக்காதவன் அந்தக் காரை ஏன் வாங்கினாய் என்று கேட்டார். சுருக்கென்று இருந்தது, பதில் இல்லை, பேச்சை மாற்றிவிட்டேன்.

பெயிண்ட் அடிக்கிற எண்ணமே இல்லை, அவ்வளவு முட்டாள் இல்லை என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு. வினைல் ராப் போதும், அடியில் இருக்கும் ஆரஞ்சு அப்படியே பத்திரமாக இருக்கும், விற்கும்போது பிரித்துவிடலாம். கடைக்காரரும் இதையேதான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். ஷோரூம் பளபளவென்று இருந்தது, டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசினார், "பெயிண்டுக்கு இது பாதுகாப்புதான் சார்" என்றார். காஸ்ட் ஃபிலிம் போடுவதாகப் பேச்சு. பில்லில் "ஃபுல் பாடி ராப்: 1" என்று மட்டும் எழுதினார்கள், ஃபிலிமின் பெயரும் இல்லை, வகையும் இல்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

வினைலில் இரண்டு ஜாதி உண்டு. காஸ்ட் என்பது மெல்லியது, ஏறக்குறைய 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்வதால் வளைவுகளில் இழுத்து ஒட்டினாலும் அப்படியே நிற்கும். காலண்டர்டு என்பது ரோலரில் கொடுத்து நசுக்கிச் செய்வது, தடிமன் அதிகம், விலை குறைவு, ஆனால் இழுத்து ஒட்டினால் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், வெயிலில் சுருங்கும். தட்டையான விளம்பரப் பலகைக்கு அது போதும். எம்எக்ஸ்-5இன் உடம்பில் தட்டையான இடம் என்று ஓர் அங்குலம்கூடக் கிடையாது.

எனக்கு எதைப் போட்டார்கள் என்று நாலாவது மாதம் தெரிந்தது. பம்பர் ஓரத்திலும் கதவு விளிம்பிலும் வினைல் பின்வாங்கி, உள்ளே இருந்த நிறம் மெல்லிய கோடாக எட்டிப் பார்த்தது, சாம்பல் வேட்டிக்கு ஆரஞ்சுக் கரை போட்ட மாதிரி. கேட்டால், "வெயில்ல நிறுத்துறீங்க போல சார்" என்கிறார். கார் வேறு எங்கே நிற்கும்?

இதற்கு முன்னாலேயே, டெலிவரி எடுத்த அன்றே ஒரு அதிர்ச்சி இருந்தது. கார் நின்றிருந்த இடத்துக்குப் போனால் நாலு வீலும் கறுப்பு. நான் கேட்கவே இல்லை. "கலருக்கு மேட்ச்சா இருக்கும்னு ஃப்ரீயா பண்ணிக் கொடுத்தோம் சார்" என்று சிரிக்கிறார், நான் சந்தோஷப்படுவேன் என்று உண்மையாகவே எதிர்பார்த்தாரோ என்னவோ. பழைய பூச்சை மணல் பீய்ச்சி எடுத்துவிட்டுப் பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவிச் சூட்டில் இறுக வைக்கிற பூச்சு, போட்டிருக்கிறார்கள். வீலில் இருந்த 30ஆம் ஆண்டு முத்திரை தேய்ந்து, விரலால் தடவினால்தான் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. சரி, அது அழகு சம்பந்தப்பட்டது. அதைவிடப் பெரிய பயம் வேறு. பவுடர் கோட்டிங்கை வழக்கமாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை அடுப்பில் வைத்துத்தான் இறுக வைப்பார்கள். வீலின் அலுமினிய அலாய்க்கு அதன் பலத்தைக் கொடுக்கும் வெப்பப் பதமும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டிலோ கொஞ்சம் குறைவாகவோ நடப்பதுதான், ஆகவே திரும்பவும் அடுப்பில் வைத்து, சூடோ நேரமோ அதிகமாகிவிட்டால் அந்தப் பதம் கெட்டு உலோகம் இளகலாம். எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று கேட்டேன். "அது வெளில கொடுத்துப் பண்றது சார், நமக்குத் தெரியாது." அந்த வீலில் இனி வேகமாகப் போக எனக்குத் தைரியம் இல்லை, வேறு செட் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

சரி, பிரித்துவிடலாம் என்று முடிவு செய்து வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே வயதான, கைதேர்ந்த ஒரு தொழில்காரர், அவசரப்படாமல் ஹீட் கன்னைக் காட்டிக் காட்டி, தோலை உரிக்கிற மாதிரி சாய்வாக இழுத்துக்கொண்டு வந்தார். பாதிக் கதவு வந்ததும் நிறுத்திவிட்டார். ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துக் கதவுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். விளிம்பிலிருந்து உள்ளே ஒரு சாண் தூரத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு. நேராக, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. நகத்தை வைத்துப் பார்த்தேன், மாட்டியது.

ராப் ஒட்டிய கடையில் வினைலைக் காரின் மேலேயே போட்டு பிளேடால் அறுத்திருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் இதற்கென்றே நூல் வைத்த டேப் ஒட்டி, அந்த நூலை இழுத்துத்தான் வினைலை வெட்டுவார்கள், பிளேடு பெயிண்டைத் தொடவே தொடாது. கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான், மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் மட்டும் 40, 50 இருக்கும். அதற்குள் நின்ற கீறலை பாலிஷ் போட்டு ஓரளவு மறைக்கலாம், அதைத் தாண்டிவிட்டால் திரும்பப் பெயிண்ட்தான். என் காரில் இரண்டு கதவு, பின்பக்க ஃபெண்டர், டிக்கி என்று மொத்தம் பதினோரு கோடு எண்ணினோம். டிக்கி அலுமினியம், துரு பயம் இல்லை. கதவு இரும்பு. இனி அந்தப் பேனல்களுக்குப் பெயிண்ட் அடித்தாலும், பெயிண்டின் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டரோடு வருகிற எவரும் வைத்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பேட்ஜ் கதை ஒரு வரிதான். தூண்டில் நரம்பை விட்டு அறுத்து எடுக்க வேண்டியதை அந்த முதல் கடையில் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, வளைத்து, பாலிதீன் கவரில் வினைல் துண்டுகளோடு சேர்த்து டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த எண் போட்ட பேட்ஜ் உலகத்தில் அந்த ஒன்றுதான்.

அந்தக் கடைக்கே திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன். "இது ஏற்கெனவே இருந்த கோடு சார்." இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் நிரூபிக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை. வளைவில் நின்று செல்ஃபி எடுத்தது நூறு இருக்கிறது, கதவு விளிம்பை யார் படம் எடுப்பார்கள்? எடுங்கள். கடையில் விடுவதற்கு முன் ஒவ்வொரு பேனலையும் சாய்ந்த வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அங்கேயே அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள், மைக்ரான் ரீடிங்கையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ரோலைப் பிரிக்கும்போது கூட நின்று பின் தாளில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், பெரும்பாலும் கம்பெனி பெயர் அதில் இருக்கும், வெறும் வெள்ளைத் தாளாக இருந்தால் கேள்வி கேளுங்கள். எதை எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மாற்றவே கூடாது என்கிற கட்சி அல்ல நான். டெட்மவுஸ் என்ற இசைக்காரர் தன் ஃபெராரி 458க்கு வானவில் பூனை ராப் ஒட்டி, பேட்ஜையும் மாற்றி "புர்ராரி" என்று பெயர் வைத்ததற்கு 2014இல் கம்பெனியிடமிருந்தே வக்கீல் நோட்டீஸ் வந்தது. நமக்கெல்லாம் அந்த அளவு மரியாதை கிடைக்காது, எந்தக் கம்பெனியும் கேட்கப் போவதில்லை. ஆனால் போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற மாற்றம் வேறு, ஒட்டுவது வேறு, துளை போடுவது முற்றிலும் வேறு. வீல் பிடிக்கவில்லையா, இன்னொரு செட் வாங்கி மாட்டி, ஒரிஜினலைத் துணி சுற்றி உங்கள் வீட்டிலேயே வையுங்கள், கடையில் "பத்திரமா வைச்சிருக்கோம்" என்பார்கள், விடாதீர்கள். நிறத்தை மட்டும், அந்தப் பதிப்புக்கென்றே வந்த நிறமாக இருந்தால், நான் இனி தொட மாட்டேன்.

இப்போது கார் ஆரஞ்சாகத்தான் நிற்கிறது, சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மட்டும் கதவில் அந்தக் கோடுகள் தெரியும். அந்தக் கடை வாசலில் பெரிய பேனர் ஒன்று வைத்திருக்கிறார்கள், போன வாரம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். சாம்பல் நிறத்தில், கறுப்பு வீலோடு, என் கார். கீழே கொட்டை எழுத்தில் "பெயிண்டுக்கு 100% பாதுகாப்பு" என்று போட்டிருக்கிறார்கள்.