போகும்போது 11 கிலோ, திரும்பும்போது 38

நான்கு வருடம் முன்பு கொலராடோவில் முதல் தடவை எல்க் என்கிற பெரிய மானின் வேட்டைக்குக் கிளம்பியபோது, எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று மலையேறுபவர்கள் மாட்டுகிற 900 கிராம் பை ஒன்றை வாங்கினேன். போகும்போது பஞ்சு மாதிரி இருந்தது. ஏழு கிலோமீட்டர் உள்ளே போய், நண்பர் சுட்ட எல்க்கின் பின்தொடைக் கறியை அதில் ஏற்றியதும் பையின் முதுகு வாழைமட்டை போல மடிந்துவிட்டது. பாரம் மொத்தமும் தோளில். வண்டிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு கையும் மரத்துப் போயிருந்தன. பையைத் திட்டிப் பயனில்லை, அது கறி சுமக்கத் தைத்த பை இல்லை. நான்தான் போகிற எடையை மட்டும் கணக்குப் போட்டிருந்தேன்.

அப்புறம்தான் 650 டாலர் கொடுத்து இந்த வேட்டைப் பை. முதுகில் பாரம் தாங்கக் கார்பன் ஃபிரேம், அதாவது சட்டம், காலியாகவே 2.4 கிலோ. கம்பெனி பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். மூன்று சீசன் சுமந்தாயிற்று.

இதில் பை வேறு, ஃபிரேம் வேறு. பக்கவாட்டுப் பட்டைகளைத் தளர்த்தினால் பை ஃபிரேமை விட்டு விலகி நடுவில் ஓர் இடைவெளி வரும். கறி மூட்டை அங்கேதான் உட்கார வேண்டும், முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே. ஸ்லீப்பிங் பேக்கில் ரத்தம் படாது என்பது ஒரு வசதி. அதைவிடப் பெரிய விஷயம், பாரம் பின்பக்கம் இழுக்காது. முதல் தடவை அவசரத்தில் மூட்டையை அடியில் வைத்துக் கட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. இறக்கி, ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டியதும் அதே 29 கிலோ பாதியானது போலத் தோன்றியது. என் தாத்தா சும்மாடு கோணலாக இருந்தால் நெல் மூட்டையை ஏற்ற விடவே மாட்டார். அவருக்கு இந்தப் பையை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. இடுப்புப் பட்டையும் அப்படித்தான். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார்ந்தால் தோளுக்கு வேலையே இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கிற பெண்களுக்குத் தெரிந்த கணக்கு.

பையே 2.4 கிலோ என்றால் மற்றதில் பிடிக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒரு வாரம் என் மேசையில்தான் கிடந்தது. கூடாரத்துக்குப் பதில் 600 கிராம் தார்ப்பாய். விரிக்க 410 கிராம் ஃபோம் பாய், காற்றடைத்தது வேண்டாம், பட்டுப்போன ஸ்ப்ரூஸ் மரங்களின் குச்சி எங்கும் குத்தும். தண்ணீரோடு சேர்த்து 11 கிலோவை ஒட்டி வந்தது, ரைஃபிள் தனி.

சாப்பாட்டில்தான் எனக்குப் பெருமை. உலர்த்திய சாப்பாட்டுப் பொட்டலம் விலையைப் பார்த்துவிட்டு அவலுக்கு மாறினேன். ஃபிளாட் டாப்ஸ் மலையில் நாங்கள் தங்கும் இடம் 10,000 அடி. அங்கே தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேக ரொம்ப நேரம் பிடிக்கும். கெட்டி அவலுக்கு அந்தச் சூடு தாராளம். புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா, வறுத்த வேர்க்கடலை, வெல்லம். ராத்திரி மைனஸ் 9 டிகிரியில் அந்தப் புளி அவலைத் தின்ற நண்பர், அமெரிக்கர்தான், அடுத்த வருடம் அவரே கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தார்.

அந்தக் குளிரில் கேஸ் டப்பாவும் தண்ணீர் வடிகட்டியும் என்னோடுதான் தூங்கும். டப்பாவில் இருக்கிற ஐசோபியூட்டேன் கேஸ் மைனஸ் 12க்குப் பக்கத்தில் வந்தாலே அடுப்பு மூச்சு வாங்கும். வடிகட்டிக்குள் தண்ணீர் உறைந்தால் உள்ளே இருக்கிற நுண்குழாய்கள் விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் மோசம்.

இப்போது குறை. ஃபிரேம் சத்தம் போடும். வெயில் நேரத்தில் இல்லை, விடியற்காலைக் குளிரில், ஒவ்வோர் அடிக்கும் கிறீச். எல்க் கூட்டத்துக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது இந்தக் கிறீச் கேட்டு, பெண் எல்க் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது, மொத்தக் கூட்டமும் சரிவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஃபிரேமின் கீழ்முனை இடுப்புப் பட்டையின் உறைக்குள் உரசுகிற இடம் அது. கம்பெனிக்கு எழுதினேன், திருகை இறுக்கச் சொன்னார்கள். இறுக்கினேன், சத்தமும் இறுகியது. கடைசியில் தேன்மெழுகு தேய்த்துத் துணி டேப் சுற்றியதும் நின்றது. ஒவ்வொரு சீசனுக்கும் திரும்பச் செய்ய வேண்டும். 650 டாலர் பைக்கு மெழுகு என் செலவு!

இன்னொன்று, நிறம். ஆலிவ் பச்சையில் மட்டும்தான் வருகிறது. இங்கே ரைஃபிள் சீசனில் ஆரஞ்சோ பிங்க்கோ 500 சதுர அங்குலம் உடம்பில் தெரிய வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில். பையை மாட்டினால் முதுகுப்பக்கத்து ஆரஞ்சு முழுக்க மறைகிறது. பழுப்புக் கறிமூட்டையோடு மரங்களுக்கு நடுவே நடக்கும் மனிதன் தூரத்திலிருந்து என்னவாகத் தெரிவான் என்று யோசித்துப் பாருங்கள். தனியாக ஓர் ஆரஞ்சு உறை வாங்கி மாட்டியிருக்கிறேன், 90 கிராம். எடையைப் பற்றி நான் முணுமுணுக்காத ஒரே சாமான்.

போன அக்டோபரில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண் எல்க்கை எலும்பு நீக்கி ஒரே நடையில் கொண்டுவந்தோம். கறியைக் காட்டில் வீணாக விட்டுவிட்டு வருவது இங்கே குற்றம். ஆளுக்கு 29 கிலோ கறி, மிச்ச சாமான் 9. விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி ஐந்து மணி நேரம். முழங்கால் வலித்தது, தோள் வலிக்கவில்லை.

வாங்குகிறவர்கள் கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்க்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, விலைச்சீட்டைக் கிழிக்காமல், 20 பவுண்டு பாஸ்மதி மூட்டை மூன்றை அந்த இடைவெளியில் கட்டுங்கள். 27 கிலோ. மாடிப்படி இருபது தடவை. இடுப்புப் பட்டை வழுக்கிக் கீழே இறங்கினால் அந்த அளவு உங்களுக்கு இல்லை, மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.