வெடிப்பா, தையலா?

1977இல் வந்த, ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவலின் கடைசிப் படம் 'தட் அப்ஸ்க்யூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிசையர்'. வயதான பணக்காரர் மத்தியூ, இளம்பெண் கொன்ச்சிட்டாவின் பின்னால் அலைகிறார். முடிவில் பாரிஸ் கடைவீதியில் குண்டு வெடிக்கிறது. இந்த முடிவை எப்படி எடுத்துக்கொள்வது?

இருவரும் செத்தார்கள் என்பது ஒரு வாசிப்பு. படம் நெடுகக் குண்டுகள் வெடிப்பதால் பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் சப்பென்று இருக்கிறது.

இவர்கள் இருவருக்கும் இடையிலான இழுபறிக்கு முடிவே கிடையாது என்பது மற்றொன்று. என் ஓட்டு இதற்கே. வெடிப்புக்குச் சற்று முன், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் ரத்தக்கறை படிந்த லேஸ் துணியின் கிழிசலைத் தைக்கிறாள்; மத்தியூ மெய்மறந்து பார்க்கிறார். உடனே மறுபடி சண்டை. கொன்ச்சிட்டாவாக இரண்டு நடிகைகள் மாறி மாறி வரும் படத்தில் (மத்தியூவுக்கு அது உறைப்பதே இல்லை!) மரணத்தை மட்டும் அப்படியே நம்பச் சொன்னால் எப்படி?