பிசிஎல் நானோஃபைபருக்கு எந்த சால்வென்ட்: குளோரோஃபார்ம்-டிஎம்எஃப்பா, ஃபார்மிக்-அசிட்டிக்கா?

எலக்ட்ரோஸ்பின்னிங்ல, அதாவது பாலிமர் கரைசலை உயர் வோல்டேஜ்ல ஊசி முனையிலிருந்து மெல்லிய நூலா இழுக்கிற முறையில, ஃபைபர் சரியா வரலன்னா உடனே வோல்டேஜைத்தான் திருகுவோம், நானும் அப்படித்தான் இருந்தேன். 80,000 மூலக்கூறு எடை பிசிஎல்லை (பாலிகாப்ரோலாக்டோன்ங்கிற பாலிமர்) ரெண்டு சால்வென்ட்லயும் (கரைப்பான்) மாசக்கணக்கா ஓட்டினப்புறம் சொல்றேன், முதல்ல சால்வென்ட்டை முடிவு பண்ணுங்க. 15 கிலோவோல்ட், ஊசிக்கும் ஃபைபர் விழுற கலெக்டருக்கும் 15 செ.மீ தூரம், மணிக்கு 1 மில்லி கரைசல், எனக்கு ரெண்டுமே இந்த சுத்துவட்டாரத்துலதான் வந்து நின்னுச்சு. ரெண்டையும் ஃப்யூம் ஹுட்டுக்குள்ளதான் (ஆவியை உறிஞ்சி வெளியேத்துற அறை) ஓட்டணும், அதுல பேச ஒண்ணுமில்ல.

குளோரோஃபார்ம்-டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) கலவையில பிசிஎல்லை கரைக்க சுலபம், கரைசலும் சீக்கிரம் கெடாது. தொல்லை ஊசி முனையிலதான். குளோரோஃபார்ம் 61 டிகிரிலயே கொதிக்கிற சரக்கு, முனையில முதல்ல அதுதான் பறக்கும், பாலிமர் வெள்ளையா தோல் கட்டிக்கும், டெய்லர் கோன் (முனையில கரைசல் எடுக்கிற கூம்பு வடிவம்) ஒரு பக்கமா சாயும், கொஞ்ச நேரத்துல பொத்துனு ஒரு துளி ஃபாயில்ல விழும். சப்ளையை ஆஃப் பண்ணி, துடைச்சு, திரும்ப ஆரம்பிக்கணும். துளி விழுந்த இடத்துல ஃபைபரெல்லாம் கரைஞ்சு ஒட்டி கண்ணாடி மாதிரி புள்ளியாயிடும், இழுவை டெஸ்ட்டுக்கு வெட்டின பட்டை எனக்கு பெரும்பாலும் அந்தப் புள்ளி பக்கத்துலதான் கிழிஞ்சுது. டிஎம்எஃப்பை ஏத்தினா முனை காயறது குறையும், ஆனா அது 153 டிகிரில கொதிக்கறது, ஃபைபர் ஈரமாவே போய் கலெக்டர்ல ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும்.

அதனால இப்ப நான் ஃபார்மிக்-அசிட்டிக் பக்கம், சரிக்கு சரி கலந்து அதுல 15 சதவீதம் பிசிஎல். ரெண்டு ஆசிட்டும் 100 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், முனை ஈரமாவே இருக்கும், மூணு மணி நேரம் ஊசியைத் தொடாம ஓட்டிருக்கேன். ஃபார்மிக் மின்புலத்துக்கு நல்லா வசப்படும், ஜெட் நல்லா இழுபட்டு சில நூறு நானோமீட்டர் ஃபைபர் கிடைக்குது.

ஒரே ஒரு கண்டிஷன், காலைல கரைச்சதை அன்னிக்கே ஓட்டிடணும். ஆசிட் பிசிஎல்லோட எஸ்டர் பிணைப்பை மெதுவா வெட்டிக்கிட்டே இருக்கும், சங்கிலி சின்னதாகும், பிசுபிசுப்பு இறங்கிடும். ஒருதடவை சில நாள் பழைய பாட்டிலை வச்சு ஓட்டினப்போ எஸ்ஈஎம்ல (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) நூல்ல மணி கோத்த மாதிரி ஒரே பீட்ஸ், நான் வோல்டேஜை ஏத்தி இறக்கி ஒரு நாளையே விட்டேன், அடுத்த நாள் புதுக் கரைசல், அதே செட்டிங், ஃபைபர் வழவழன்னு வந்துச்சு.

செல் (உயிரணு) ஃபைபருக்கு உள்ள புகுந்து வளர பெரிய துளையும் மைக்ரான் அளவு தடிமனும் வேணும்னா குளோரோஃபார்ம் பக்கமே போங்க. சுத்துற ட்ரம் கலெக்டர்ல ஆசிட் கரைசலை நான் ரெண்டு மூணு தடவைதான் ஓட்டிருக்கேன், மேல சொன்னதெல்லாம் தட்டை ஃபாயில் கலெக்டர்ல பாத்தது.