ஆயில் குடிக்கும் இன்ஜின்: எந்தச் சோதனை எதைப் பார்க்கிறது?

புதுச்சேரிக்கு அருகே 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலையும், அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணையில் பெருகி வந்த வெள்ளத்தையும் கடலூர்க்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். வாசலில் நிறுத்தியிருந்த என் 150 சிசி வண்டி அந்த வெள்ளத்தில் இரண்டு நாள் இருக்கை மட்டம் வரை மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பின், பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்த ஆயிலை வடித்துவிட்டு, இரண்டு முறை புது ஆயில் ஊற்றிக் கழுவி, வண்டியைக் கிளப்பித் தந்தார்கள். பிக்கப்பிலும் குறையில்லை, சத்தத்திலும் குறையில்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் போய்வந்துகொண்டிருந்த எனக்கு, மூன்றாவது மாதத்தில் ஆயில் அளவைக் காட்டும் வட்டக் கண்ணாடியில் ஆயிலே தென்படாமல் போனபோதுதான் ஏதோ கெட்டிருக்கிறது என்று உறைத்தது.

கடலூரில் பார்த்த மெக்கானிக், "போர் போயிடுச்சு சார், கிட்டையே மாத்திடலாம்" என்றார். அரியாங்குப்பத்தில் காட்டியபோது இன்னொருவர், "வால்வு சீல்தான் சார், போரெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார். போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர்; கிட் என்பது சிலிண்டரும் பிஸ்டனும் ரிங்குகளும் சேர்ந்த தொகுப்பு; வால்வு சீல் என்பது வால்வுத் தண்டைச் சுற்றி ஆயில் இறங்காமல் தடுக்கும் சிறு வளையம். இருவருமே வண்டியை ஐந்து நிமிடம் உறுமவிட்டுப் பார்த்தே சொன்னார்கள். இரண்டு வேலைக்கும் இடையே செலவில் பல மடங்கு வேறுபாடு இருந்ததால், எதையும் கழற்றுவதற்கு முன் என்னென்ன சோதனைகள் உண்டு, அவை ஒவ்வொன்றும் எதைக் காட்டும் என்று பார்க்கத் தொடங்கினேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் வெளிக்கசிவு இல்லாமல் ஆயில் குறைகிறது என்றால், அது போவதற்கு மூன்று வழிகளே உண்டு. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழிருந்து மேலேறி எரியலாம். வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடு வழியாக மேலிருந்து இறங்கி எரியலாம். இன்ஜின் அடியறையின் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியாக, ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸுக்குள் வீசப்பட்டு, காற்றோடு கலந்து உள்ளே போய் எரியலாம். ஒரு சோதனையை மற்றொன்றோடு ஒப்பிடும்போது, இந்த மூன்றில் எந்த வழியை அது நேரடியாகப் பார்க்கிறது என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். கருவியின் விலையையோ மீட்டர்களின் எண்ணிக்கையையோ வைத்து அதை மதிப்பிட முடியாது.

எல்லாவற்றிலும் மலிவானது, ஆனால் யாரும் செய்யாதது, குறைந்த ஆயிலை அளப்பது. ஒரே சமதளத்தில், வண்டியை நேராக நிறுத்தி, ஓட்டி அணைத்த பின் ஒவ்வொரு முறையும் அதே அளவு நேரம் காத்திருந்து, ஆயிலை மேல் கோடு வரை நிரப்ப வேண்டும். 500 கிலோமீட்டர் ஓட்டிய பின், மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சால் மீண்டும் அதே கோட்டுக்கு வரும்வரை ஊற்றி, ஊற்றியதைக் கணக்கிட வேண்டும். என் வண்டியில் 160 மில்லி போயிருந்தது. ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் மட்டுமே கொள்ளும் இன்ஜினில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது என்றால், 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் வழக்கம் அந்த இன்ஜினைக் கொன்றுவிடும். எந்த வழியாகப் போகிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. ஆனால் பின்னால் செய்யப்போகும் வேலை பலித்ததா என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அளக்கும் இடத்திலேயே ஏமாறுவதும் உண்டு. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டில் ஆயிலுக்கு இன்ஜினோடு சேர்ந்த தனித் தொட்டி இருக்கிறது. வண்டி பல நாள் நின்றால் ஆயில் பம்பைத் தாண்டி, இன்ஜினின் அடியறையான கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். தொட்டியில் குறைந்ததுபோல் தோன்றும். உரிமையாளர் மேலும் ஊற்றுவார். கிளப்பியதும் மிகுதியான ஆயில் பிரீதர் வழியாக வெளியேறும், புகையும் தள்ளும். குறையே இல்லாத இன்ஜினுக்கு இப்படித்தான் கெட்ட பெயர் வருகிறது. குளிர்நாடுகளில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல்களிலும் இதே கதை நடப்பதை அறிந்தபோது வியப்பாக இருந்தது. யமஹா 2003 மாடலாகக் கொண்டுவந்த ஆர்எக்ஸ்-1 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்களில் ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், இன்ஜினைச் சூடாக ஓட்டி அணைத்த உடனே அளக்க வேண்டும். ஆறிய பின் அளந்தால் குறைவாகக் காட்டி, அளவுக்கு மீறி ஊற்றவைக்கும். அங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. கடுங்குளிரில் சிறு தூரங்களுக்கே ஓட்டும்போது எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அளவை உயர்த்திக் காட்டும்; பிறகு ஒருநாள் நெடுந்தூரம் ஓட்டினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போக, ஆயில் ஒரே நாளில் குறைந்துவிட்டதாக உரிமையாளர் பதறுவார். நம் ஊர் வெயிலில் இந்த இரண்டாவது குழப்பம் பெரிதாக வருவதில்லை; முதலாவது எல்லா ஊருக்கும் பொது.

அடுத்தது புகை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எப்போது வருகிறது என்பதுதான் செய்தி. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் ஒரு கொத்துப் புகை வந்து, உடனே தெளிந்துவிட்டால் வால்வு சீல் மீது ஐயம் கொள்ளலாம். இரவில் கைடு வழியாகச் சொட்டிய ஆயில் அது. திராட்டிலை முழுவதும் மூடிக்கொண்டு சரிவில் இறங்கினால் இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடி, கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். கீழே வந்து திராட்டிலைத் திறந்ததும் புகை கொப்பளித்தால் அதுவும் சீல் பக்கமே கைகாட்டுகிறது. சுமையோடு ஏறும்போது, திராட்டில் திறந்திருக்கும் நேரம் முழுவதும் புகை தொடர்ந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். சமதரையான கடலூரில் இதற்கென்றே வாய்த்ததுபோல் கேப்பர் மலைச் சாலை இருக்கிறது. பின்னால் நண்பர் ஒருவரை இன்னொரு வண்டியில் வரச்சொல்லி, ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினேன். இரண்டிலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காரணம் எளிது: 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகை மாசு விதிகளின்படி செய்யப்பட்ட வண்டி அது. சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆயில் புகையில் ஒரு பங்கை எரித்து மறைத்துவிடும். பழைய வண்டிகளுக்கு முதல்தரச் சாட்சியாக இருந்த புகை, புதிய வண்டிகளில் பாதிச் சாட்சிதான்.

பிறகு கருவிகள். கம்ப்ரஷன் மீட்டரை பிளக் துளையில் பொருத்தி, இன்ஜின் சூடாக இருக்கும்போது, திராட்டிலை முழுவதும் திறந்து, முள் உயர்வது நிற்கும்வரை இன்ஜினைச் சுற்ற வேண்டும். வந்த அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு தேக்கரண்டி ஆயிலை பிளக் துளையில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாம் முறை அளவு நன்றாக உயர்ந்தால் ரிங் அல்லது போரில் தேய்மானம். உயராமல் தாழ்வாகவே நின்றால் வால்வு இருக்கை அல்லது சிலிண்டர் மூடியின் கேஸ்கெட். எளிதாகக் கிளம்புவதற்காகத் தானியங்கி டிகம்ப்ரஷன் அமைப்பு வைத்த இன்ஜின்களில் நல்ல நிலையிலும் இந்த மீட்டர் தாழ்வாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

லீக்டவுன் சோதனை இன்னும் நுட்பமானது. பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே செலுத்தி, எத்தனை விழுக்காடு கசிகிறது என்று பார்ப்பது. பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்ல நிலை என்றும், இருபதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்றும் பொதுவாகக் கொள்வார்கள். கருவிக்குக் கருவி இந்த எண் மாறும். எண்ணைவிடக் காதே இதில் முக்கியம். ஆயில் மூடியைத் திறந்து வைத்து அங்கே சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் பாக்ஸ் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. பிஸ்டன் உச்சியிலிருந்து இம்மி விலகினாலும் காற்றழுத்தம் கிராங்கைச் சுழற்றி, பிடித்திருக்கும் ஸ்பேனரோடு கையைப் பதம் பார்க்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை வைத்துச் செய்பவர்கள் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு செய்வது நல்லது.

என் வண்டி இரண்டிலும் தேறியது. உலர்நிலையில் வந்த கம்ப்ரஷன் அளவு ஆயில் விட்ட பின் பெயரளவுக்கே உயர்ந்தது; லீக்டவுன் எட்டு விழுக்காடு. ரிங் நன்றாக இருக்கிறது, ஆகவே அரியாங்குப்பத்து மெக்கானிக் சொன்னதே சரி என்று முடிவுகட்டி வால்வு சீலை மாற்றச் சொன்னேன். இந்த அலசலை எழுதத் தூண்டியதே அந்தத் தவறுதான்.

பிஸ்டனில் மூன்று ரிங்குகள் இருக்கின்றன. மேலே உள்ள இரண்டும் எரியும் வாயுவைக் கீழே விடாமல் தடுப்பவை. மூன்றாவதான ஆயில் ரிங், இரண்டு மெல்லிய வளையங்களும் நடுவே ஒரு விரிப்பானுமாக அமைந்து, சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழித்து, பள்ளத்தில் உள்ள துளைகள் வழியாகக் கீழே அனுப்புவது. அழுத்தத்தைத் தாங்குவது அதன் வேலையே அல்ல. எனவே அந்த ரிங் கரியேறியோ துருப்பிடித்தோ பள்ளத்தில் இறுகிக்கொண்டாலும், கம்ப்ரஷன் மீட்டருக்கும் லீக்டவுன் கருவிக்கும் அது தெரியாது. போதாக்குறைக்கு, வழிக்கப்படாத ஆயில் மேல் ரிங்குகளைச் சுற்றி நின்று கசிவை அடைப்பதால், ஆயில் குடிக்கும் இன்ஜின் சில வேளைகளில் நல்ல இன்ஜினைவிட மேலான அளவைக் காட்டும். வால்வு சீலும் அப்படியே. அது கைடின் தலையில், மூடிய வால்வுக்கு அப்பால் இருக்கிறது. உள்ளே செலுத்தும் காற்று அதைத் தொடுவதே இல்லை. ஆயில் போகும் மூன்று வழிகளில் மிகவும் பழகிய இரண்டையும் இந்த இரு கருவிகளும் பார்ப்பதில்லை. மேல் ரிங்குகளும் போரும் தேய்ந்திருந்தால் மட்டும் அவை உதவும். அவை குறை காட்டினால் நம்பலாம். குறையில்லை என்று காட்டினால் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

சீல் மாற்றிய பின் 500 கிலோமீட்டர் ஓட்டி அளந்தேன். 150 மில்லி.

சீல் மாற்றுவதற்காக ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, இறக்கியபோதே பிஸ்டன் தலையைப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நான் போய்ச் சேர்வதற்குள் அதிலிருந்த கரியைச் சுரண்டி, பெட்ரோலில் கழுவி, கண்ணாடிபோல் துடைத்து வைத்திருந்தார்கள். சுத்தமாக வேலை செய்வதாக நினைத்துச் சாட்சியை அழித்துவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை.

இந்தக் கட்டத்தில்தான், கைபேசியில் செருகிப் பார்க்கும் சிறு கேமரா ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கி, பிளக் துளை வழியாக உள்ளே விட்டேன். பிஸ்டன் தலையின் நடுவில் புதிதாகக் கரி படிந்திருக்க, விளிம்பைச் சுற்றி மட்டும் ஆயில் கழுவிய பளபளப்பான வளையம் தெரிந்தது. கீழிருந்து ரிங்கைத் தாண்டி ஆயில் ஏறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வால்வு கைடு வழியாக இறங்கியிருந்தால் இன்டேக் வால்வின் முதுகில் ஈரக் கரி தடித்திருக்கும், பிஸ்டனிலும் அந்த வால்வுக்கு நேர்கீழே மட்டும் படிவு கனத்திருக்கும். சிலிண்டர் சுவரைத் தீட்டும்போது விழும் குறுக்கும் நெடுக்குமான ஹோனிங் கோடுகள் இன்னும் அழியாமல் இருந்ததால், போர் வேலை தேவையில்லை என்பதும் தெரிந்தது. பிளக்கைப் பார்ப்பது இதைவிடப் பலவீனமான சோதனை. ஆயில் எரிகிறது என்பதோடு அதன் சாட்சி முடிந்துவிடுகிறது.

பிரீதரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டர் ஆயிலில் ஊறியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஊறியிருந்தால் ஆயில் மிகுதியாக ஊற்றப்பட்டிருக்கிறது, அல்லது ரிங்கைத் தாண்டும் வாயு கிராங்க் அறையில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. பனி நாடுகளில் இந்தக் குழாயில் நீராவி உறைந்து அடைத்து, அழுத்தம் தாங்காமல் சீல்கள் வழியே ஆயில் பிதுங்கும். நம் பக்கம் வெளிமுனையில் குளவி கூடு கட்டினால் அதே விளைவுதான்.

கழற்றாமல் சமாளிக்கும் யோசனைகளும் எனக்கு வந்தன. கம்பெனி சொன்ன 10டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொன்னார்கள். குறைவது சற்று மட்டுப்படும். இறுகிய ரிங் இறுகியபடியே இருக்கும். பிளக் துளையில் கரி கரைக்கும் திரவத்தை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஆயிலை மாற்றுவது அதைவிட நேர்மையான முயற்சி. கரியால் மட்டும் இறுகியிருந்தால் பலன் கிடைக்கக்கூடும். வெள்ளத்தில் கிடந்த என் வண்டியில் துருவும் சேர்ந்திருந்ததால் பலிக்கவில்லை. கடைசியில் சிலிண்டரைக் கழற்றியபோது ஆயில் ரிங்கின் கீழ் வளையம் பள்ளத்தோடு ஒட்டிப்போய், நகத்தால் நெம்பினாலும் அசையாமல் இருந்தது. பள்ளத்தையும் துளைகளையும் சுத்தம் செய்து, லேசாக ஹோனிங் போட்டு, அதே பிஸ்டனில் புது ரிங் செட் மாற்றியதோடு வேலை முடிந்தது. முதல் மெக்கானிக் இடத்தைச் சரியாகச் சொல்லி, வேலையை மிகைப்படுத்தியிருந்தார். இரண்டாமவர் போரைப் பற்றிச் சொன்னது சரி, சீலைப் பற்றிச் சொன்னது தவறு. புது ரிங் படிந்த பின் 500 கிலோமீட்டருக்கு 20 மில்லி குறைகிறது.

இனி ஒருமுறை நேர்ந்தால் சிரிஞ்சு, ஏர் பாக்ஸ், புகை, கேமரா என்ற வரிசையில் போவேன். கேமராவில் போர் தேய்ந்ததாகத் தெரிந்தால் மட்டுமே மீட்டர்களைத் தேடுவேன். ஹெட்டை இறக்கும் நிலை வந்தால், நான் வந்து பார்க்கும்வரை பிஸ்டன் தலையில் துணி படக்கூடாது என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுவேன்.