ஞாயிறு காலை வகுப்பில் சார்லமேன்

புதுச்சேரியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களுக்குக் குறைவில்லை. எந்தத் தேர்வுக்கும் கேட்கப்படாத ஒரு பாடத்தை, அதிலும் ஒரே ஓர் அரசரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தமிழில் நடத்தும் வகுப்பு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், காந்தி வீதிக்கு அருகில் உள்ள தம் வீட்டு மாடியில் இதை நடத்துகிறார். பாடம், இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி பகுதிகளை ஆண்ட பிராங்கு இனத்தவரின் அரசர் சார்லமேன். கட்டணம் 600 ரூபாய். அச்சிட்ட குறிப்புகளும் அதில் அடக்கம். கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஒரு செய்தியைச் சொன்ன கையோடு, அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், அவருக்கு என்ன நோக்கம் இருந்திருக்கும் என்பதையும் ஆசிரியர் எடுத்துரைத்துவிடுகிறார். சார்லமேனின் அரசவையில் இருந்த ஐன்ஹார்ட், அரசர் 814இல் இறந்த பிறகு அவருடைய வரலாற்றை எழுதினார். ரோமானியப் பேரரசர்களைப் பற்றி சூடோனியஸ் எழுதிய நூலே அவருக்கு முன்மாதிரி. 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோமில் போப் மூன்றாம் லியோ தமக்குப் பேரரசராக முடிசூட்டப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் தேவாலயத்துக்குள் நுழைந்தே இருக்கமாட்டேன் என்று அரசர் சொன்னதாக அவர் எழுதுகிறார். ஆசிரியர் அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டு, முந்தைய ஆண்டு ரோமில் எதிரிகளால் தாக்கப்பட்டு சார்லமேனிடம் அடைக்கலம் தேடி ஓடிவந்தவர் இதே லியோதான் என்பதையும், அப்போது கிழக்கு ரோமானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் ஐரீன் என்ற பெண்மணி ஆட்சியில் இருந்தார் என்பதையும் சொல்லி, அரசரின் பேச்சை நம்பலாமா என்ற விவாதத்தை எங்களிடமே விட்டுவிட்டார். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலில், சார்லமேனின் சமகாலத்தவனான இரண்டாம் நந்திவர்மன் முடிசூடிய வரலாறு சிற்பத் தொடராக இருப்பதை அவர் நினைவூட்டியபோது, முடிசூட்டு விழா எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டும் என்பதில் அரசவைகள் எத்தனை கவனமாக இருந்தன என்பது நன்கு விளங்கியது.

நான் மிகவும் மதிப்பது சாக்சன் போர்களைப் பற்றிய வகுப்பைத்தான். இன்றைய வடக்கு ஜெர்மனியில் வாழ்ந்த, கிறிஸ்தவரல்லாத சாக்சன் மக்களுக்கு எதிராக 772இல் தொடங்கி 804 வரை நீண்ட அந்தப் போர்களில், 782இல் வெர்டன் என்னுமிடத்தில் ஒரே நாளில் 4,500 சாக்சன்கள் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்று பிராங்குகளின் ஆண்டுக்குறிப்பே கூறுகிறது. ஞானஸ்நானம் பெற மறுத்தால் மரண தண்டனை என்று சட்டமும் இருந்தது. ஐரோப்பாவின் தந்தை என்று போற்றப்படும் ஒருவரைப் பற்றிய இந்தப் பகுதியை ஆசிரியர் மென்று விழுங்கவில்லை. அக்காலத்து வழக்கம் அதுதான் என்று சமாதானம் சொல்லவும் இல்லை. அரசரின் நெருங்கிய அறிஞரான அல்குயினே கட்டாய ஞானஸ்நானத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதியதை முன்வைத்து, அக்காலத்திலும் மாற்றுக்குரல் இருந்தது என்பதைக் காட்டினார். மாணவர்களை மதிக்கும் ஆசிரியர்தான் இப்படி நடத்துவார்.

நிர்வாகத்தைப் பற்றிய பகுதியும் அலுக்கவில்லை. ஒரு பவுண்டு வெள்ளியிலிருந்து 240 தெனியே நாணயங்கள், பன்னிரண்டு தெனியே ஒரு சூ, இருபது சூ ஒரு லிவ்ர் என்ற கணக்கை அவர் விளக்கியபோது, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று சிறுவயதில் படித்திருந்த முதியவர் ஒருவர் எங்கள் எல்லோரையும்விட வேகமாகக் கணக்குப் போட்டார். இதே 240 பென்ஸ் கணக்கைப் பிரிட்டன் 1971 வரை வைத்திருந்தது. பிறகு இரண்டு கையெழுத்துப் பிரதிகளின் நகல்கள் கைமாறி வந்தன. முந்தைய அரச மரபின் காலத்து மெரோவிங்கியன் எழுத்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. சார்லமேன் காலத்தில் பரவிய கரோலிங்கியன் எழுத்தையோ, லத்தீன் தெரியாத நாங்களே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டோம்.

பாக்தாத் கலீபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பிய அபுல் அப்பாஸ் என்ற யானை 802இல் சார்லமேனின் தலைநகரான ஆகென் வந்து சேர்ந்தது. அது 810இல் திடீரென இறந்ததையும் ஆண்டுக்குறிப்பு, போர்ச் செய்திகளுக்கு நடுவே தவறாமல் பதிவு செய்திருக்கிறது. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியை 2022இல் இழந்த ஊரில் இதற்கு விளக்கம் ஏதும் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. 778இல் பிரான்ஸ், ஸ்பெயின் எல்லை மலைகளில் உள்ள ரோன்செவோ கணவாயில் பாஸ்க் மக்கள் பிராங்குப் படையின் பின்வரிசையைத் தாக்கியது ஓரிரு வரிகளில் முடிந்துவிட்டது. பேரன்கள் பேரரசை மூன்றாகப் பிரித்துக்கொண்ட 843ஆம் ஆண்டு வெர்டூன் உடன்படிக்கை, கடைசி வகுப்பின் கடைசி நிமிடங்களில் அவசர அவசரமாகச் சொல்லப்பட்டது. அதற்கென்று இன்னொரு வகுப்பு ஒதுக்கினால் கூடுதல் கட்டணம் கொடுக்கவும் பலர் ஆயத்தமாக இருந்தார்கள். குறிப்பேட்டில் உள்ள வரைபடங்கள் மங்கலாக அச்சாகியிருப்பதால் எல்லைகளைப் பிரித்தறிய முடியவில்லை. மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழ்க்கூடத்தில் நடத்துவதாக ஆசிரியர் கூறினார். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாக அனுப்பலாம். ஞாயிறு சந்தையின் கூட்டத்தில் காந்தி வீதியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பதால், தள்ளி எங்காவது நிறுத்திவிட்டு நடந்து செல்வது நல்லது.