ஒரு ரூபாய் உறுப்பினர் சலுகை: யுபிஐ பின் போடும் முன் கவனிக்கவும்

பேருந்துச் சீட்டு முன்பதிவு செய்யும் செயலி ஒன்று என்னிடம் பணம் பறித்த விதத்தை, பண்டிகைக் கால நெருக்கடியில் ஊருக்குச் சீட்டு எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இருக்கையைத் தேர்ந்தெடுத்ததுமே திரையின் மேற்பகுதியில் கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடத் தொடங்கியது. "இன்னும் 2 இருக்கைகளே உள்ளன" என்று சிவப்பில் ஒரு வரியும் வந்தது. செயலியை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. ஒன்றைப் பெறும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பின் வலியே மனிதருக்குப் பெரிதாகப் படும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். அந்த அறிவு இங்கே நம்மைப் பதற வைக்கப் பயன்படுகிறது. பதற்றத்தில் இருப்பவர், முன்பே டிக் செய்யப்பட்டிருக்கும் பயணக் காப்பீட்டைக் கவனிப்பதில்லை. கவனித்து நீக்க முயன்றாலும், "வேண்டாம், என் குடும்பத்தின் பாதுகாப்பு எனக்கு முக்கியமில்லை" என்ற மங்கலான சாம்பல் நிற வரியைத்தான் தொட வேண்டும். இப்படி எழுதுவதற்கும் சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கிறார்!

பெரிய அடி அடுத்த திரையில் இருந்தது. கட்டணத் தள்ளுபடிக்காக ஒரு ரூபாயில் உறுப்பினராகலாம் என்றார்கள். யுபிஐ பின் கேட்கும் பக்கத்தில் ஒரு ரூபாய் என்பது பெரிதாகவும், மாதந்தோறும் 399 ரூபாய் வரை எடுத்துக்கொள்ளும் ஆட்டோபே அனுமதி அதன் கீழே பொடி எழுத்திலும் இருந்தன. பணம் பிடிக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதிப்படி குறுஞ்செய்தி வரத்தான் செய்தது. ஆனால் அதில் செயலியின் பெயருக்குப் பதிலாக, கேள்விப்படாத தாய் நிறுவனத்தின் பெயர் இருந்தது. சேர ஒரு தொடுகை போதுமாயிருந்த இடத்தில், விலகும் வழியோ உதவிப் பக்கத்தின் அடியில், "நீங்கள் இழக்கப்போகும் சலுகைகள்" என்ற திரைகளைத் தாண்டி ஒளிந்திருந்தது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 'டார்க் பேட்டர்ன்'களை, அதாவது பயனரை ஏமாற்றும் வடிவமைப்பு உத்திகளை, தடை செய்கின்றன. போலி அவசரம், குற்ற உணர்வைத் தூண்டுதல், சந்தாப் பொறி ஆகியவை அவற்றில் அடங்கும். ஆகவே ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளியுங்கள். செயலியோடு மல்லுக்கட்டாமல், உங்கள் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்கே நேராகச் சென்று அனுமதியை ரத்து செய்யலாம். என் புகாருக்குப் பிறகு சந்தாத் தொகை திரும்ப வந்தது. காப்பீட்டுக்காகப் பிடித்த தொகையை இன்றுவரை தரவில்லை.